தலைவன் குணமும் கம்பெனியின் கதியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சமயமும் தமிழும் பேசப்படும் இந்த மேடையில் கம்பெனிக் கதை எதற்கு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அலவத்துகொடையைச் சுற்றி வாழும் நம்மவர் எங்கே உழைக்கிறார்கள் என்று சற்று எண்ணிப் பாருங்கள். தோட்டத்திலே உழைக்கிறார்கள், கண்டி நகரத்துக் கடைகளிலே உழைக்கிறார்கள், நம் பிள்ளைகள் பலர் கொழும்புக்குப் போய்த் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் உழைக்கிறார்கள். இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் தலைமை தாங்கி நடத்துகிறார். அவர் பொறுமைசாலியா, அவசரக்காரரா, பிறர் சொல் கேட்பவரா, தற்புகழ்ச்சி விரும்புபவரா என்பது அவருடைய சொந்த விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்தக் குணம் கணக்குப் புத்தகத்தில் ஏறி, சம்பளச் சீட்டில் இறங்கி, கடைசியில் நம் வீட்டு அடுப்பங்கரை வரை வந்துவிடுகிறது. ஆகையால் இது நமக்கு வேண்டாத பேச்சு அன்று.

முதலில் நம் கண்டிச் சீமையிலிருந்தே தொடங்குகிறேன். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1852ஆம் ஆண்டு, மீசை அரும்பும் வயதிலே, இலங்கைக்கு வந்தார். லூல்கந்துரத் தோட்டத்திலே வேலைக்கு அமர்ந்தார். அக்காலம் கோப்பியின் பொற்காலம். எல்லாத் துரைமாரும் கோப்பியிலே பணம் குவித்துக்கொண்டிருந்தபோது, டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். பறித்த கொழுந்தைத் தம் பங்களா விறாந்தையிலேயே மேசை போட்டுக் கையால் சுருட்டச் செய்து, வாட்டி, காயவைத்துப் பார்த்தார். 1874இல் அவர் விடுமுறை எடுத்துக்கொண்டு போனது எங்கே தெரியுமா? டார்ஜிலிங்குக்கு! அங்கேயும் தேயிலையைப் பார்க்கத்தான் போனார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைச் சிறிது சிறிதாக அழித்தபோது, இந்நாட்டுக்குக் கைகொடுக்கத் தேயிலை ஆயத்தமாக இருந்தது. ஊரெல்லாம் ஒரு பக்கம் ஓடும்போது, ஓரிடத்திலே நின்று, அவசரப்படாமல் சோதித்துப் பார்க்கும் குணம் ஒரு மனிதனிடம் இருந்தது. அக்குணம் ஒரு நாட்டின் தொழிலையே மாற்றிவிட்டது.

ஆனால் அதே டெய்லர் பெருஞ்செல்வம் சேர்க்கவில்லை. 1892இல் காலமாகும் வரை அதே தோட்டத்தில் உழைத்தார். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. தேயிலையை உலகமெங்கும் கொண்டுபோய் விற்றவர் வேறொரு குணம் படைத்த தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரிலே 1871இல் முதற் கடையைத் திறந்த இவர் விளம்பரத்தில் மன்னர். ஒருமுறை இராட்சதப் பாற்கட்டி ஒன்றைச் செய்வித்து, அதனுள்ளே தங்க நாணயங்களை வைத்து விற்றுச் சனங்களைத் திரட்டியவர். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்னை அவற்றுள் ஒன்று. இடைத்தரகரை விலக்கி, தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டித் தம் கடைகளிலே மலிவாக விற்றார். டெய்லருக்குச் செடியைத் தெரியும். லிப்டனுக்குச் சனங்களைத் தெரியும். இருவரும் கையாண்டது ஒரே தேயிலைதான். ஆனால் மனிதர் வேறு, ஆகவே தீர்மானங்களும் வேறு, விளைவுகளும் வேறு.

இனி, நம் இனத்துக்கும் இந்த நாட்டுக்கும் நெருங்கிய தொடர்புடைய ஒரு கம்பெனியின் வரலாற்றைச் சொல்லுகிறேன். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் கப்பலோட்டியது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. நம் முன்னோர் பலர் அந்தக் கடல் வழியாகவே இத்தீவுக்கு வந்தனர். அந்த ஏகபோகத்தை எதிர்த்து, வழக்கறிஞரான வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்வித்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் கம்பெனியின் தலைவர். பிள்ளை அவர்களின் பதவியோ துணைக் காரியதரிசி என்பது மட்டுமே. எனினும் கம்பெனியின் உயிர் அவரே என்பதை யாவரும் அறிவர்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்குக் கப்பல் பெற்றார்கள். எதிரிகளின் நெருக்குதலால் அக்கம்பெனி பின்வாங்கியது. வேறொருவராயின், அவ்வளவில் காரியத்தைக் கைவிட்டிருப்பார். பிள்ளை அவர்களோ, வாடகைக் கப்பலை நம்பிப் பயனில்லை, சொந்தக் கப்பலே வேண்டும் என்று துணிந்தார். கப்பலோடு திரும்புவேன், அன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சபதம் செய்து பம்பாய்க்குப் புறப்பட்டார் என்று சொல்லுவார்கள். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. அப்படியிருந்தும் சனங்கள் சுதேசிக் கப்பலை நாடினர். இது எதனால்? சிதம்பரம்பிள்ளை என்னும் மனிதர் மீது வைத்த நம்பிக்கையால் அன்றோ!

ஆனால் அந்தத் துணிவு துறைமுகத்தோடு நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. தொழிலாளர் வென்றனர். அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் 1912 டிசம்பர் வரை சிறைவாசம் அனுபவித்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1911இல், கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்த வீழ்ச்சிக்கு ஆட்சியாளரின் அடக்குமுறையே முதற்காரணம். அதில் ஐயமில்லை. அந்த மாமனிதரைக் குறைகூற நான் இங்கே வரவில்லை. குறைகூற எனக்கு அருகதையும் இல்லை. தொழிலாளர் பக்கம் நில்லாமல் கப்பலை மட்டும் காத்துக்கொண்டிருந்தால், அவர் சிதம்பரம்பிள்ளையாக இருந்திருக்கமாட்டார். கம்பெனியைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆயிரக்கணக்கான பங்குகள், இரு கப்பல்கள், பணிப்பாளர் சபை யாவும் இருந்தும், ஒரு மனிதர் சிறை சென்றதும் அது ஏன் தள்ளாடியது? அதனுடைய துணிவு முழுவதும் ஒரே நெஞ்சிலே குடியிருந்தது. அந்த நெஞ்சைச் சிறையில் அடைத்ததும், கம்பெனிக்கு நெஞ்சே இல்லாமற் போயிற்று. கட்டியெழுப்பிய குணம் எதுவோ, அதுவே கம்பெனியின் ஒரே தூணாகவும் இருந்தது.

இதற்கு முற்றிலும் மாறான கதை ஒன்றும் உண்டு. ஹைதராபாத்தில் 1987இல் தொடங்கப்பட்ட சத்தியம் கம்பெனி கணினித் துறையில் இந்தியாவின் பெருநிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் தலைவர் இராமலிங்க ராஜு. 2008 டிசம்பரில், தம் குடும்பத்தாரின் இரு கம்பெனிகளைச் சத்தியத்தின் பணத்தைக் கொண்டு வாங்கத் தீர்மானித்தார். அவற்றின் பெயர் மேட்டாஸ். ஆங்கிலத்தில் சத்தியம் என்னும் பெயரைத் தலைகீழாக எழுதினால் வருவது அது! பேர்பெற்ற கல்விமான்கள் அமர்ந்திருந்த பணிப்பாளர் சபை அதற்கும் இணங்கியது. பங்குதாரர் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்துக்குள் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7ஆம் திகதி, பல ஆண்டுகளாகக் கணக்குகளைப் பொய்யாகப் பெருக்கிக் காட்டி வந்ததாக ராஜு அவர்களே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். இல்லாத இலாபத்தை இருப்பதாகக் காட்டியவர், அடுத்த ஆண்டு அதைவிடக் கூடுதலாகக் காட்டவேண்டி வந்தது. தோல்வியைச் சொல்ல மனம் வராத ஒரு மனிதர். அவரைத் தடுத்துக் கேட்க வாய் வராத ஒரு சபை. இரண்டும் ஒன்று சேர்ந்தால் பெயர் மட்டும் சத்தியமாக இருந்து என்ன பயன்?

தலைவர்களின் குணத்தை அறிஞர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். டொனால்ட் ஹம்பிரிக், பிலிஸ் மேசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 1984இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். ஒரு நிறுவனம் எடுக்கும் தீர்மானங்களில் அதன் மேலிடத்திலே இருப்பவர்களின் அனுபவமும், படிப்பும், நம்பிக்கைகளும் பிரதிபலிக்கின்றன என்பது அதன் சாரம். நிலைமை ஒன்றாயினும் ஒவ்வொருவரும் தத்தம் கண்ணாடி வழியாகவே அதைப் பார்க்கிறார்கள்.

2007இல் ஹம்பிரிக் அவர்களும் அரிஜித் சட்டர்ஜி அவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் சுவையானது. கணினித் துறையைச் சேர்ந்த 111 தலைமை நிருவாகிகளின் தற்பெருமையை அளக்க முற்பட்டனர். "நீர் தற்பெருமைக்காரரா?" என்று கேட்டால் யார் ஆம் என்பார்? ஆகவே வேறு வழி கண்டனர். ஆண்டறிக்கையில் தலைவரின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, பேட்டிகளில் "நான், எனது" என்று எத்தனை முறை சொல்லுகிறார், அடுத்த நிலையில் உள்ளவரைவிட எவ்வளவு கூடுதலாகச் சம்பளம் வாங்குகிறார் என்றெல்லாம் கணக்கிட்டனர். முடிவு என்ன? தற்பெருமை மிகுந்தவர்களின் கம்பெனிகள் பிற கம்பெனிகளை அடிக்கடி வாங்கின. ஒரு சமயம் பெரிதாக வென்றன, மறு சமயம் பெரிதாகத் தோற்றன. சராசரியில் பார்த்தால், மற்றவர்களைவிட நன்றாகவும் செய்யவில்லை, மோசமாகவும் செய்யவில்லை. கம்பெனி ஊஞ்சலாக ஆடியதுதான் மிச்சம். ஊஞ்சலின் உச்சியில் இருப்பவருக்கு அது விளையாட்டு. அடியிலே நின்று சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தொழிலாளிக்கு அது வயிற்றுப்பாடு.

இந்த உண்மை நம் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும். அரசாங்கம் 1992இல் தோட்டங்களின் நிருவாகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதுக் கன்று நட்டால், சில ஆண்டுகளுக்குச் செலவு உண்டு, வரவு இல்லை. நட்டவர் இருக்கும் காலத்தில் பலன் வராமலும் போகலாம். தம் காலத்து இலாபக் கணக்கு அழகாக இருக்கவேண்டும் என்று நினைப்பவர் நடமாட்டார். தமக்குப் பின்னும் தோட்டம் இருக்கும் என்று நினைப்பவர் நடுவார். அந்த ஒரு மனப்பான்மையின் விளைவைப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், கூடையைச் சுமந்து மலையேறும் ஒரு பெண் தன் கொழுந்தின் எடையிலே காண்கிறாள்.

அப்படியானால் நல்ல குணமுள்ள தலைவர் கிடைக்கவேண்டும் என்று தெய்வத்தை வேண்டிக்கொண்டு இருந்துவிடலாமா? போதாது என்பதே என் கருத்து. பொறுமை மிஞ்சினால் தாமதம். துணிவு மிஞ்சினால் ஆபத்து. சிக்கனம் மிஞ்சினால் கஞ்சத்தனம். எந்தக் குணமும் தனியே நின்றால் ஒருநாள் வழுக்கும். ஆகவே தலைவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பதோடு, அவர் பக்கத்திலே யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கவேண்டும். பெரியாரைத் துணைக்கோடல் என்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இடித்துச் சொல்வார் இல்லாத அரசன், கெடுக்கப் பகைவர் இல்லாவிட்டாலும் கெடுவான் என்பது அவர் கருத்து. இராவணனுக்கு வீரம் குறைவா, கல்வி குறைவா, செல்வம் குறைவா? தம்பி விபீடணன் சொன்ன நல்ல சொல்லைப் பொறுக்கும் குணம் ஒன்றே குறைவு. நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையிலே வேதாகமப் பாடத்தில் யோசேப்பின் கதையைச் சொல்லித் தருவார்கள். எகிப்து தேசத்து அரசன், சிறையிலிருந்து அழைத்துவரப்பட்ட ஓர் அந்நிய இளைஞனின் சொல்லைக் கேட்டு, ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேமித்து, பஞ்ச காலத்தில் தன் நாட்டைக் காத்தான். எந்தச் சமய நூலைத் திறந்தாலும் பாடம் ஒன்றே: கேட்கும் செவி இல்லாத தலைமை நிலைக்காது.

வாலிப நண்பர்களே, நம்முள் எல்லாரும் பெரிய கம்பெனிக்குத் தலைவராகப் போவதில்லை. ஆனால் ஒரு கடைக்கு, ஒரு சிக்கனச் சங்கத்துக்கு, ஒரு கோயில் பரிபாலன சபைக்குத் தலைமை தாங்கும் நாள் நம்மிற் பலருக்கு வரும். அன்றைக்கு மூன்று காரியங்களைச் செய்வோமாக. "ஐயா, இது சரியில்லை" என்று கூட்டத்திலே எழுந்து சொல்லுபவரைப் பகைவராக எண்ணாமல், அடுத்த கூட்டத்துக்கும் அழைப்போம். கணக்கை யார் கேட்டாலும் காட்டத்தக்க நிலையில் வைத்திருப்போம். நாம் இல்லாத நாளிலும் காரியம் நடப்பதற்கு, நமக்கு அடுத்தவரை நாம் இருக்கும்போதே பழக்கிவிடுவோம். தலைமை தாங்காமல் சபையிலே அமர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மரியாதை வேறு, மௌனம் வேறு. பெரியவர் தவறும்போது பணிவோடு எடுத்துச் சொல்லுவதும் அவருக்குச் செய்யும் மரியாதையே.

தலைவனின் குணம் கம்பெனியை வளர்க்கும். ஆனால் அக்குணம் ஒருவரிடமே தங்கிவிடாமல் பலரிடமும் பரவினால்தான் கம்பெனி வாழும்.