பக்கத்து வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்துமா?

(வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் என்னும் தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றி நாம் நடத்திய அரங்கத்துக்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "பக்கத்து வீட்டில் சோலார் போட்டிருக்கிறார்கள். மாதம் முப்பது வெள்ளிதான் பில் வருகிறதாம். நாங்களும் போடலாமா?" நான் பொறியியலாளர் அல்லன். படித்தது தொடர்புத் துறை டிப்ளோமா. செய்வது கேள்வி கேட்கும் வேலை. ஆகவே தெரிந்தவர்களைத் தேடிப்போய் நிறையக் கேட்டேன். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

அழைத்தவர்களில் ஒரு பெரியவரின் குரல் மட்டும் மனதை விட்டு அகலவில்லை. அவரும் மனைவியும் மட்டுமே இருக்கும் வீடு. ஊழியர் சேமநிதியில் இருந்து இருபதாயிரம் வெள்ளி எடுத்து வைத்திருக்கிறார். விற்பனையாளர் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறாராம். "மாதம் எவ்வளவு பில் வருகிறது ஐயா?" என்று கேட்டேன். "ஐம்பது வெள்ளி வரும் தம்பி" என்றார். அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கருவி. கூரையில் இருக்கும் தகடுகள் வெயிலை நேர் மின்னோட்டமாக மாற்றுகின்றன. நம் வீட்டு விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் மாறு மின்னோட்டத்தில் ஓடுபவை. ஆகவே சுவரில் மாட்டப்படும் இன்வெர்ட்டர் என்னும் பெட்டி அதை மாற்றித் தருகிறது. வீடு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. மிச்சம் மீட்டர் வழியாகத் தெனாகாவின் கம்பிக்குப் போகிறது. நம் நாட்டு வெயிலில், ஒரு கிலோவாட் அளவுள்ள தகடுகள் மாதத்துக்குச் சுமார் 100 முதல் 120 யூனிட் தரும். ஐந்து கிலோவாட் போட்டால் 550 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாடு வெப்ப நாடு, ஆகவே மின்சாரம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தகடுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்கு ஆகாது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் நூற்றில் 0.3 முதல் 0.4 பங்குவரை குறையும். உச்சி வெயிலில் கூரைத் தகடு 60 பாகையைத் தொடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. எந்தத் திசை என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், திசை அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. நிழல்தான் பெரிய விஷயம். தகடுகளைச் சரம்போல் ஒன்றோடொன்று கோத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ ஒரு தகட்டில் விழுந்தால், நஷ்டம் அந்த ஒன்றோடு நிற்காமல் சரத்தையும் பாதிக்கலாம்.

இன்னொரு ஏமாற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "தெனாகாவில் மின்தடை வந்தால் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு எரியும்" என்று ஓர் அம்மா பெருமையோடு சொன்னார். எரியாது அம்மா. சாதாரணமாக வீடுகளில் பொருத்தப்படும் கருவி, தெனாகா கம்பியில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் கையில் உங்கள் கூரை மின்சாரம் பாயக் கூடாது அல்லவா? தடை நேரத்திலும் விளக்கு வேண்டுமென்றால் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும். அதற்குப் பல ஆயிரம் வெள்ளி கூடுதலாகும். இதை விற்பனையாளர்கள் தாமாகச் சொல்வது குறைவு.

இப்போது பக்கத்து வீட்டு முப்பது வெள்ளிக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எந்த ஆண்டில் போட்டார் என்று கேட்டீர்களா?

இந்த நாட்டில் வீட்டுச் சூரிய மின்சாரத்துக்கு விதிகள் பலமுறை மாறியிருக்கின்றன. 2011-ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. செடா என்னும் ஆணையம் அமைந்தது. அப்போது கூரை மின்சாரத்தை நல்ல விலைக்கு 21 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொண்டார்கள். 2016 நவம்பரில் நெம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம் தொடங்கியது. 2019 ஜனவரி முதல் அதில் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு வந்தது. பகலில் ஒரு யூனிட் வெளியே விட்டால் இரவில் ஒரு யூனிட்டைச் சும்மா திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தெனாகாவே நம்முடைய மின்கலம் போல. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டாலும் கவலை இல்லை, பகலில் வீணாகாது. பக்கத்து வீட்டுக்காரரின் முப்பது வெள்ளி அங்கிருந்து வருகிறது.

அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதில் சேர்ந்தவர்களுக்குப் பத்தாண்டுகளுக்கு அந்தச் சலுகை தொடரும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு, தீபகற்பத்தில் 2026 ஜனவரி முதல் சோலார் அத்தாப் என்னும் திட்டம். அத்தாப் என்றதும் நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டப்புற அத்தாப்புக் கூரை ஞாபகம் வருகிறது. அந்த மலாய்ச் சொல்தான் இது. அன்று ஓலை, இன்று சிலிக்கான். திட்டத்தின் முழுப் பெயருடைய ஆங்கிலச் சுருக்கமும் அப்படியே அமைந்துவிட்டது.

இதில் கணக்கு வேறு. 2025 ஜூலை முதல் நம் மின்கட்டணம் பிரிக்கப்பட்டு வருகிறது, பில்லைப் பாருங்கள். மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட்டின் ஆற்றல் கட்டணம் 27.03 சென், கொள்திறன் கட்டணம் 4.55 சென், கம்பிவட வலையமைப்புக் கட்டணம் 12.85 சென். மொத்தம் 44.43 சென். கூரையில் உண்டாகும் மின்சாரத்தை அந்த நேரத்திலேயே வீட்டில் பயன்படுத்தினால் ஒரு யூனிட்டுக்கு 44.43 சென்னும் மிச்சம். வெளியே விட்டால் ஆற்றல் கட்டணமான 27.03 சென் மட்டும் கழிக்கப்படும். அந்த மாதத்தில் கழிக்க முடியாத மிச்சம் அடுத்த மாதத்துக்கு வராது, போனது போனதுதான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாதம் 700 யூனிட், இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு. 550 யூனிட் தரும் கருவி. பகலில் வீடு பயன்படுத்துவது 140 யூனிட்தான். 410 வெளியே போகிறது. ஊக்கத்தொகை, வரி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே பயன்பட்டதில் 62 வெள்ளி, வெளியே போனதில் 111 வெள்ளி, ஆக 173 வெள்ளி மிச்சம். ஒன்றுக்கு ஒன்று கணக்கில் இதே கருவி 244 வெள்ளி மிச்சம் பிடித்திருக்கும். இருபதாயிரம் வெள்ளிக்குப் போட்டால், பழைய கணக்கில் ஏழு ஆண்டுக்குள் முதல் திரும்பும். இப்போது ஒன்பதரை ஆண்டு. அதற்காகப் போடக் கூடாது என்பதில்லை. தகடுகளுக்கு 25 ஆண்டுவரை திறன் உத்தரவாதம் தருகிறார்கள். ஆனால் "ஐந்தே ஆண்டில் முதல் வந்துவிடும்" என்று யாராவது சொன்னால், எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். இடையில் இன்வெர்ட்டரை ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது நம் பெரியவர். அவர் வீட்டில் மாதம் 250 யூனிட் ஓடுகிறது. குறைவாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு அரசாங்கம் ஆற்றல் சிக்கன ஊக்கத்தொகை தருகிறது. மாதம் 1,000 யூனிட் வரை அது உண்டு. பயன்பாடு குறையக் குறைய சலுகை கூடும். 200 யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. அதனால்தான் அவர் பில் ஐம்பது வெள்ளி. அவரிடம் விற்கப் பார்ப்பது ஐந்து கிலோவாட். பகலில் அவர் 80 யூனிட் பயன்படுத்தினால் 470 யூனிட் வெளியே போகும். அதன் மதிப்பு 127 வெள்ளி. ஆனால் அவர் தெனாகாவிடம் வாங்குவது 170 யூனிட்தான், அதன் ஆற்றல் கட்டணம் 46 வெள்ளி. மீதி 81 வெள்ளி மாதாமாதம் காணாமல் போகும். மிச்சமானாலும் அவருக்கு மிச்சமாவது அதிகபட்சம் அந்த ஐம்பது வெள்ளிதானே? இருபதாயிரத்தை ஐம்பதால் வகுத்துப் பாருங்கள். நானூறு மாதம். முப்பத்து மூன்று ஆண்டு. அவருக்கு வயது அறுபத்தெட்டு.

"ஐயா, வெள்ளிக்கிழமை வேண்டாம்" என்று சொன்னேன். சேமநிதிப் பணம் உழைத்த உழைப்பு. அதை எடுத்துக் கூரையில் வைக்கச் சொல்வதற்கு முன் ஒரு பில்லைக்கூட வாங்கிப் பார்க்காத விற்பனையாளர் மீது எனக்குக் கோபம் வருகிறது. மறைக்க விரும்பவில்லை.

அப்படியானால் யாருக்குப் பொருந்தும்? பகலில் ஆள் இருக்கும் வீடு. தாத்தா பாட்டி, சிறு குழந்தைகள், வீட்டிலேயே தையல் அல்லது பலகாரத் தொழில் செய்யும் பெண்கள், பகலில் குளிர்சாதனம் ஓடும் வீடு, மின்கார் வைத்திருந்து பகலில் சார்ஜ் செய்யக்கூடிய வீடு. இவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. பழக்கத்தையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நம் வீடுகளில் விடியற்காலையில் சுடுநீர், சாயங்காலம் வந்து துணி துவைப்பு, இரவு பத்து மணிக்கு இஸ்திரி. எல்லாமே வெயில் இல்லாத நேரம்! துவைக்கும் இயந்திரத்தை நேரம் குறித்துப் பகல் பதினொன்றுக்கு ஓடவிடலாம். மாவரைப்பதும் இஸ்திரியும் சனிக்கிழமை பகலுக்குப் போகலாம். இரவு முழுவதும் மூன்று அறையில் ஓடும் ஏர்கானுக்குச் சூரியன் நேரடியாக உதவாது. மின்கலம் வைத்தால் உதவும், அதன் விலையைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

அளவிலும் ஆசைப்பட வேண்டாம். ஒற்றைக்கட்ட இணைப்புள்ள வீட்டுக்கு ஐந்து கிலோவாட், மூன்றுகட்ட இணைப்புக்குப் பதினைந்து கிலோவாட் வரை அனுமதி. அனுமதி இருக்கிறது என்பதற்காக அவ்வளவும் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று கிலோவாட் போதுமான வீட்டில் மூன்றே போடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகள். நிறுவனம் செடாவின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா? பட்டியல் செடாவின் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது. ஓட்டைத் துளைத்துத் தாங்கி பொருத்துகிறார்களே, அடுத்த மழையில் கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு? இதை வாயால் வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். இடி மின்னல் அதிகமுள்ள நாடு நம்முடையது. மின்னெழுச்சித் தடுப்பு சேர்ந்த விலையா? பழைய தாமான்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைத் துளைப்பது உடம்புக்கு ஆபத்து, முதலில் கூரையை மாற்ற வேண்டும். 2024-இல் 4,000 வெள்ளி வரை கழிவு கொடுத்த சலுகை ஒன்று இருந்தது. அது பழைய திட்டத்தோடு வந்தது. அதை இன்றைய விலைப்பட்டியலில் காட்டினால் நீங்கள் சுதாரித்துக்கொள்ளலாம். சபா, சரவாக் நேயர்கள் நான் சொன்ன கட்டணங்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு மின் நிறுவனமும் விதியும் வேறு.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வேலை. ஒரு வாரம் காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் உங்கள் மீட்டரில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளில் தெனாகாவின் கைப்பேசிச் செயலியிலேயே நாளுக்கு நாள் பயன்பாடு தெரியும். பிள்ளைகளிடம் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் பகல் பயன்பாடு. விற்பனையாளர் வரும்போது அந்தத் தாளையும் கடைசி மூன்று மாத பில்லையும் மேசைமேல் வையுங்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் அளவும் விலையும் என்ன என்று கேளுங்கள். நம் பெரியவர் போன வாரம் மறுபடி அழைத்திருந்தார். அவர் வீட்டில் பகலில் ஒரு நாளைக்கு இரண்டரை யூனிட்தான் ஓடுகிறதாம்.