நிலையான பதிப்பா, சோதனைப் பதிப்பா?

பள்ளிக் கணினி ஆய்வகத்தில் எந்தப் பதிப்பை நிறுவலாம்? கட்டற்ற இயங்குதளமான டெபியனையே எடுத்துக்கொள்வோம். அதில் நிலையான பதிப்பு, சோதனைப் பதிப்பு, நிலையற்ற பதிப்பு என மூன்று உண்டு. நிலையற்ற பதிப்பின் பெயர் சிட். ‘டாய் ஸ்டோரி’ படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது! 2025 ஆகஸ்டில் வெளியான நிலையான பதிப்பான டெபியன் 13-க்கு மொத்தம் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

செய்முறைத் தேர்வன்று கணினி இயங்காவிட்டால் இழப்பு மாணவருக்கே. ஆகவே, ஆய்வகத்தில் நிலையான பதிப்பே இருக்கட்டும்.

ஆனால், வெளியீட்டுக்கு முன் தமிழில் தட்டச்சு செய்து பார்க்க ஆளில்லையென்றால், தமிழ் எழுத்து சிதையும் குறை நிலையான பதிப்புக்கும் வந்துவிடும். எனவே, வீட்டிலுள்ள பழைய கணினியில் சோதனைப் பதிப்பை நிறுவுங்கள். கொம்பும் துணைக்காலும் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். பிழை கண்டால் உருவாக்குநர்களுக்குத் தெரிவியுங்கள்.