செவி திறக்கும் பணி

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



மண்ணைக் குழைத்துச் சூளையிலிட்டுப் பிழைக்கும் ஊர் நம் விருத்தாசலம். ஆண்டவர் இயேசுவும் மண்ணைக் குழைத்தார். பிறவியிலேயே பார்வையற்றவரின் கண்களில் பூசினார் என்கிறார் புனித யோவான். இன்று விஞ்ஞானமும் பீங்கானைக் கொண்டு பார்வையற்றோரை வாசிக்க வைக்கிறது. 1824இல், தமது 15ஆம் வயதில், லூயி பிரெய்ல் வகுத்த புள்ளி எழுத்தை நாம் அறிவோம். கணிப்பொறியோடு இணைந்த பிரெய்ல் பலகையில் மெல்லிய பீங்கான் பட்டைகள் உள்ளன. இவை நம் களிமண் பீங்கானல்ல. வேறு கனிமங்களைச் சுட்டெடுத்தவை. மின்னழுத்தம் பட்டால் சற்றே வளைந்து புள்ளிகளை உயர்த்துகின்றன. விரல் தடவி வாசிக்கிறது.

விரல் கண்ணாகுமா? ஆகும், ஆனால் ஒரே நாளில் அல்ல. பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்டவர் முதலில் மனிதரை நடமாடும் மரங்களைப் போலவே கண்டார். மறுமுறை தொட்ட பின்பே தெளிவாகக் கண்டார்.

காக்ளியர் கருவியும் அப்படியே. வெளியே அணியும் பகுதி ஓசையைப் பெற்று மின்துடிப்பாக்குகிறது. உட்செவியில் வைத்த மின்முனைகள் செவி நரம்பைத் தூண்டுகின்றன. வளர்ந்தபின் செவித்திறன் இழந்து இதைப் பொருத்திக்கொண்டோர் பலருக்கு முதலில் பேச்சு இயந்திர ஓசைபோலவே கேட்கும். மாதக்கணக்கில் பழகிப் பழகியே மூளை அதை மனிதக் குரலாக உணர்கிறது. ஆம், கருவி தருவது ஓசை. அதற்குப் பொருள் தருவது பயிற்சியும், அன்போடு பேசும் மனிதருமே.

குழந்தையின் மூளை மொழியைப் பற்றிக்கொள்வது முதல் சில ஆண்டுகளில். எனவேதான் தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சையை 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இலவசமாக அளிக்கிறது. "தாமதமாகப் பேசுவான், அவன் அப்பாவும் அப்படித்தான்" என்று காத்திருந்தும், ஊரார் பேச்சுக்கு அஞ்சி மறைத்தும் அந்தப் பொன்னான காலத்தை நாம் வீணாக்கலாமா? அரசு மருத்துவமனையில் உடனே காட்டுங்கள். கருவி பொருந்தாதவர்கள் உண்டு, வேண்டாதவர்களும் உண்டு. அவர்களை நாம் குறைவாக எண்ணலாகாது. சைகை மொழியும் முழுமையான மொழியே.

ஞானஸ்நானத்தில் குரு குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டு நிறைவேற்றும் 'எப்பத்தா' சடங்கு உண்டு. அப்பணி குருவோடு முடிவதன்று. காது கேளாதோரிடம் முகம் பார்த்து நிதானமாகப் பேசுவோம். திருப்பலியில் அவர்களுக்கு முன்னிடம் தருவோம். கருவி பெற்ற பிள்ளையோடு வீட்டில் ஓயாது பேசுவோம். பயிற்சிக்குச் செல்லும் பேருந்துச் செலவுக்கும், பேட்டரிச் செலவுக்கும் வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்வரட்டும்.

ஏழைகளுக்கு நற்செய்தி, பார்வையற்றோருக்குப் பார்வை என்று ஆண்டவர் நாசரேத்தூரில் அறிவித்த அருள்தரும் ஆண்டே யூபிலி. கோவிலுக்கு வெள்ளையடிப்பதோடு அது நின்றுவிடலாகாது. நம் செவிகளும் திறக்கட்டும்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.