ஓர் ஆடையும் பல கைகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் கலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு நம் செயற்குழுவினர் பணித்தனர். கலை என்றதும் சிலர் மேடையை நினைப்பர். சிலர் கோயில் சிற்பத்தை நினைப்பர். நாம் இன்று நூலையும் துணியையும் பற்றிப் பேச எண்ணுகிறோம். அதற்காகத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வடமாலபேட்டையில் குடியிருக்கும் நமக்குப் புத்தூரும் நாராயணவனமும் நகரியும் அண்டை ஊர்கள். அங்கெல்லாம் தறியோசை நமக்குப் புதிதன்று.

கைத்தறியில் பாவு ஆற்றும் காட்சியைப் பெரியோர் பலர் கண்டிருப்பீர்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டுவார்கள். ஒருவர் கஞ்சி தெளிப்பார். இருவர் எதிரெதிரே நின்று தூரிகையால் நீவுவர். அறுந்த இழையை மற்றொருவர் முடிவார். இதற்குள் வீட்டில் பெண்கள் தார் சுற்றி வைத்திருப்பர். ஒருவர் கை தாமதித்தால் கஞ்சி காய்ந்து பாவு கெடும். ஆகவே அன்று தன் வீட்டுப் பாவு, பிறர் வீட்டுப் பாவு என்ற வேற்றுமை பாராமல் தெருவே கூடி நிற்கும். ஆனால் தறியில் அமர்ந்தவரை மட்டுமே நாம் நெசவாளர் என்கிறோம்.

நமக்கு வடகிழக்கே உள்ள திருக்காளத்திக்குச் செல்வோம். கண்ணப்பரை வணங்கச் செல்லும் நாம், அவ்வூர்க் கலம்காரித் துணியையும் கண்டு வருதல் வேண்டும். மூங்கிற் குச்சியின் முனையில் கம்பளி நூலையோ துணியையோ சுற்றி, சாயத்தில் தோய்த்து, கையாலேயே எழுதும் சித்திரம் அது. இராமாயணமும் பாரதமும் கட்டம் கட்டமாக அத்துணியில் விரியும்.

அது எழுதப்படும் முறையைக் கேளுங்கள். முதலில் துணியை வெளுக்க வேண்டும். பின்பு கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பாலின் கொழுப்பு சாயம் பரவாமல் தடுக்கும். புளியங்குச்சிக் கரியால் உருவம் வரைவர். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் நீரில் நாட்கணக்கில் புளித்துக் கறுப்பு மையாகும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன் அது கருமை கொள்ளும். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரம் தடவிச் சாயவேர் நீரில் கொதிக்க வைப்பர். அதன்பின் ஓடும் நீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால் கழன்ற சாயம் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பொன்முகலி ஆறும் அக்கலைக்கு ஒரு கை கொடுத்தது என்றே சொல்லலாம். ஆற்றில் நீர் வற்றிய நாளில் எத்தகைய ஓவியனும் என் செய்வான்?

நெய்தவர், வெளுத்தவர், மை புளிக்க வைத்தவர், கோடு இழுத்தவர், வண்ணம் நிரப்பியவர், அலசியவர் என எத்தனை கைகள்! இவற்றுள் ஒன்று ஓய்ந்தாலும் துணி நிறைவுறாது.

சென்ற நூற்றாண்டின் நடுவில் இக்கலை காளத்தியில் ஏறத்தாழ அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அந்நாளில் அகில இந்தியக் கைவினை வாரியத்தை நடத்திய கமலாதேவி சட்டோபாத்யாயரின் முயற்சியால் 1957-இல் அங்கே ஒரு பயிற்சி நிலையம் தோன்றியது. முறை அறிந்த முதியவரான ஜொன்னலகட்டா இலட்சுமய்யா இளைஞருக்குக் கற்றுக்கொடுத்தார். அம்மரபில் வந்த குரப்பச் செட்டியாருக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒருவரிடம் எஞ்சியிருந்த அறிவைப் பலர் கைக்கு மாற்றியதனாலேயே கலை பிழைத்தது. தனியொருவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அது அவரோடு போயிருக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சோழநாட்டில் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் இதே கலை வாழ்ந்தது. அங்கே அதைப் பேணியவர்கள் தெலுங்கு பேசும் குடும்பத்தார். இங்கே தெலுங்கு மண்ணில் தமிழ் பேசும் நாம் வாழ்கிறோம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடுகள் மாறின. துணியில் இழுத்த கோடு மாறவில்லை.

கடல் கடந்தும் இதே கதைதான். பிரான்சு நாட்டுப் பாயே நகரின் பெயரால் வழங்கும் தையற்சித்திரம் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுடையது. 1066-இல் இங்கிலாந்தை வென்ற மன்னனின் பெயரை அது உலகுக்கு உரைக்கிறது. ஊசி பிடித்த கைகளின் பெயர் எங்கும் இல்லை.

அன்பர்களே, பிறரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் சங்கத்திலும் இக்குற்றம் நேர்ந்தது. நம் மேடைத் திரையை ஆண்டுதோறும் துவைத்து, கிழிசல் தைத்து, பெட்டி போட்டு அனுப்பியவர் ஒரு மூதாட்டியார். ஒலிபெருக்கிக்காரர் வரை நன்றியுரையில் இடம் பெற்றனர். அவர் பெயரை ஓராண்டும் நாம் சொல்லவில்லை. அவர் மறைந்த பின், திரை கசங்கித் தொங்கியபோதுதான் நமக்கு நினைவு வந்தது. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

ஆதலால் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவுக்குப் புதிய திரை ஒன்றை நாமே தைப்போம். வீட்டுக்கு ஒரு முழத் துண்டு, பழைய பருத்திச் சேலையிலிருந்து கொடுங்கள். பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் பொந்தை நம் தெலுங்கு அண்டை வீட்டுத் தாய்மார் நன்கு அறிவர்; அவர்களை அழைத்துக் கற்போம். ஞாயிறு பிற்பகல்களில் கூடுவோம். ஆண்கள் பாய் விரிக்கட்டும், தேநீர் வைக்கட்டும், ஊசியும் பழகட்டும். சிறுவர் நூல் கோக்கட்டும். கோணல் தையல் வந்தால் பிரிக்க வேண்டாம். அதுவும் ஒரு கையின் அடையாளமே.

ஒரே ஒரு விதி வைப்போம். திரையின் ஓரத்தில் எல்லோர் பெயரும் தைக்கப்பட வேண்டும். துண்டு கொடுத்தவர், தைத்தவர், தேநீர் வைத்தவர், நூல் கோத்த குழந்தை ஆகிய அனைவரும் அதில் இடம் பெற வேண்டும். முதற்பெயராக அம்மூதாட்டியாரின் பெயர் இருக்கட்டும். அதை அவர் பேத்தி தைப்பது பொருத்தமாகும்.

காளத்திக்குச் சென்று கலம்காரி வாங்குவோர், அச்சில் அடித்த போலியோடு விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுமுன், அத்துணியைக் கடந்து வந்த கைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம் திரையையும் அவ்வாறே எண்ணித் தைப்போம்.