கடலோரத்தில் ஒரு சிறு நடுக்கம்

 



2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு எட்டரை மணியளவில், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் நிலம் அதிர்ந்தது. அதன் அளவு 5.5. சென்னை வரை வீடுகள் ஆடின. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். அவ்வாண்டு ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியைச் சிதைத்த பூகம்பத்தின் அளவு 7.7. அதன் ஆற்றலோடு ஒப்பிட்டால் புதுச்சேரியில் வெளிப்பட்டது ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் கட்சின் இடிபாடுகளைப் பத்திரிகைகளில் கண்டிருந்த மக்களுக்கு அந்தச் சில நொடிகளே போதுமாயிருந்தன.

நிலம் அடங்கிவிடும், நாவு அடங்குவதில்லை. "அவ்வூராரின் பாவமே காரணம்" என்னும் பேச்சு உடனே எழும். மிம்பரில் நின்றே அவ்வாறு பேசுவோரும் உண்டு. அது மார்க்க அறிவன்று.

ஹிஜ்ரி 10-இல் பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் பாலப்பருவத்திலேயே வஃபாத்தானார். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. அக்குழந்தையின் இறப்பினால்தான் என்று மக்கள் பேசிக்கொண்டனர். துயரத்தில் இருந்த தந்தைக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று தெளிவுபடுத்தித் தொழுகையில் நின்றார்கள். அத்தாட்சி என்பதில் எச்சரிக்கை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது என் பாவத்தை எனக்கு நினைவூட்ட வந்தது. அண்டை ஊராரின் பாவக் கணக்கை எழுத வந்ததன்று.

2004 டிசம்பர் 26 அன்று நமது மாவட்டத்தில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிக் கரைகளில் ஏறத்தாழ 800 உயிர்கள் போயின. பெரும்பாலோர் கிறிஸ்தவ மீனவக் குடும்பத்தார். நாம் உண்ணும் மீனைக் கடலிலிருந்து கொண்டுவரும் மக்கள். நீரில் மூழ்கி இறந்த முஃமினையும் இடிபாட்டில் சிக்கி இறந்த முஃமினையும் ஷஹீத்களில் எண்ணுகிறது ஹதீஸ். இறந்த விதத்தை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்?

இனி, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் பகுதிக்கு வருவோம். கரையில் உணரப்படும் சிறு நடுக்கம் இருவகையாக இருக்கலாம். ஒன்று, அருகிலேயே நிகழ்ந்த சிறிய அதிர்வு. புதுச்சேரியில் நேர்ந்தது அதுவே. மற்றொன்று, வெகுதொலைவில் நிகழ்ந்த பேரதிர்வின் வால். 2004-இல் அன்று காலை ஆறரை மணியளவில் சென்னையில் பலர் இலேசான ஆட்டத்தை உணர்ந்தனர். அது சுமத்ராவில் நிகழ்ந்த 9.1 அளவுப் பூகம்பம். அலைகள் நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. அவ்வளவு அவகாசம் இருந்தும், சொல்வதற்கு ஆளில்லை.

அதே சுமத்ராவின் அருகில் சிமலூ என்னும் தீவு உள்ளது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் முஸ்லிம்களே. 1907-இல் அங்கே பேரலை புகுந்து ஏராளமானோர் மாண்டனர். பிழைத்தவர்கள் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தனர்: நிலம் பலமாக ஆடிக் கடல் பின்வாங்கினால் மலையேறு. 2004-இல் பூகம்பத்தின் வாயிலிலேயே இருந்த அத்தீவின் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட மக்களில் இறந்தோர் ஏழு பேர் மட்டுமே. நம் வீடுகளில் பாட்டிமார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் கடலடி அதிர்ந்து, சென்னையிலும் உணரப்பட்டபோது எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது. கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. "வீணாக ஓடவைத்தார்கள்" என்று குறைகூறுவது பொருந்தாது. அதே வேளையில், கைப்பேசியில் வரும் ஒவ்வொரு வதந்தியையும் பரப்புவதும் கூடாது; கொண்டுவரப்படும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது.

களியக்காவிளை கடலுக்குச் சற்று உள்ளே இருக்கும் ஊர். தேங்காய்ப்பட்டினம், இனயம் கரைகளிலிருந்து மக்கள் ஏறிவர நேர்ந்தால் அவர்கள் வரக்கூடிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஒலிபெருக்கி அறையின் சாவி முஅத்தினிடம் மட்டும் இருக்கிறது. இன்னொன்று பள்ளிக்கு அடுத்த வீட்டில் இருக்கட்டும். அரசின் எச்சரிக்கை எந்த நேரத்தில் வந்தாலும் அறிவிக்கப்பட வேண்டும். வருபவர் எச்சமயத்தவராயினும், ஹவ்ழின் தண்ணீரும் மேல்மாடியும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.