சிரிப்பைச் சிறையிடும் சட்டம்

(குருக்கள்மடத்தில் நடைபெற்ற பொதுக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கொழும்பு மாநகரில் ஒரு பெண் மேடையேறி நகைச்சுவை பேசினார். அதற்காகச் சிறை சென்றார். வயலிலும் வாவியிலும் பாடுபடும் நமக்கு அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். நமக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிஷப்ஸ் கல்லூரி மண்டபத்தில் நதாஷா எதிரிசூரிய தனியொருவராய் நின்று நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தினார். புத்தர் பெருமானின் இளமைப் பருவம் பற்றி அவர் சொன்ன சில வார்த்தைகள் இணையத்தில் பரவின. பௌத்தர் பலர் மனம் புண்பட்டனர். அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் மே 28ஆம் திகதி விமான நிலையத்தில் கைதுசெய்யப்பட்டார்.

அவர்மீது ஏவப்பட்ட சட்டம் யாது? குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம்! அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவோருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கிறது. நீதவான் பிணை வழங்க இயலாது; மேல் நீதிமன்றமே, அதுவும் விசேட சூழ்நிலையிலேயே, வழங்கலாம். ஜூலை 5ஆம் திகதி கொழும்பு மேல் நீதிமன்றம், அவர் பேச்சு அப்பிரிவுக்குள் அடங்காதென்று கண்டு பிணை வழங்கிற்று. அதற்குள் ஐந்து வாரங்களுக்கு மேல் அவர் சிறையிற் கழித்துவிட்டார். இறுதித் தீர்ப்புக்கு முன்னரே தண்டனை முடிந்தது!

மனம் புண்படுதல் வேறு. கொலைக்குத் தூண்டுதல் வேறு. இவ்வூரில் நின்று வெறுப்பைப் பற்றிப் பேசுவோன் 1990 ஜூலையை மறைத்துப் பேசலாகாது. காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இங்கு மறித்துக் கொன்றனர். வெறுப்பு எதில் முடியும் என்பதற்கு இம்மண்ணே சாட்சி. அத்தகைய கொடுமையைத் தடுக்கவே சட்டம் வேண்டும்.

ஆனால் நடந்ததென்ன? அதே 2023 ஒக்டோபரில், தென்னிலங்கையில் வாழும் தமிழரை வெட்டிக் கொல்வோம் என்று மட்டக்களப்பு மங்களராமய விகாராதிபதி பகிரங்கமாக முழங்கினார். அப்போது அவருக்கு விலங்கு பூட்டப்படவில்லை. நகைக்க வைத்தவருக்குச் சிறை. வெட்டுவோம் என்றவருக்கு வீதி! இதுவா சட்டத்தின் முன் சமத்துவம்?

இந்தியாவிலும் இந்நோய் உண்டு. 2025 மார்ச்சில் குணால் கம்ரா, மராட்டியத் துணை முதல்வர் ஷிண்டேயைப் பெயர் குறியாது கேலி செய்தார். நிகழ்ச்சி நடந்த மும்பாய் அரங்கை அவர் கட்சியினர் அடித்து நொறுக்கினர். விழுப்புரத்தில் வசித்த கம்ராவுக்குச் சில நாட்களுள் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால முன்பிணை அளித்தது. தமிழிற் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீமுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. ‘நவரசம்’ என்னும் நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதான அவர், பிணை பெற 2021 டிசெம்பர் வரை காத்திருந்தார். 2023 டிசெம்பரில் நிரபராதியென விடுதலையானார். இழந்த மாதங்களை யார் மீட்டுக் கொடுப்பார்?

உழவர் பெருமக்களே! மகிடிக் கூத்தில் மந்திரவாதியரின் வீம்பைக் கண்டு ஊரே சிரிக்கும். அதனால் எந்த ஊரும் அழிந்ததில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரில் அறப்போர் தொடங்கிய நம் பண்ணையாளர், நாளை அதிகாரியொருவரைக் கேலி செய்து பேசினால், அதுவும் இன வெறுப்பென்று எழுதப்படாதென்பதற்கு உத்தரவாதம் என்ன? சிங்களக் கலைஞர்மீது பாய்ந்த சட்டம் தமிழ்ப் பண்ணையாளர்மீது பாயத் தயங்குமா?

ஆகவே நாம் கோருவன மூன்று: 3ஆம் பிரிவின்கீழ் நீதவானே பிணை வழங்க அதிகாரம் வேண்டும், சட்டமா அதிபரின் ஆலோசனையின்றிப் பேச்சுக்காக எவரையும் கைதுசெய்தலாகாது, வன்முறைக்குத் தூண்டுவோர் எந்த இனத்தவராயினும், எந்த உடை தரித்தவராயினும், அச்சட்டம் அவர்மீது பாய வேண்டும். நமக்குப் பிடிக்காத பேச்சைப் பேசியவருக்கும் இந்நீதியைக் கேட்போமாயின், நம் உரிமைக் குரலுக்கும் வலிமை பிறக்கும்.