தொழிற்கல்வியின் வாசல் பதினோராம் வகுப்பில்
(கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பாவு தறியில் ஏறிய பிறகு அதன் நிறத்தை மாற்ற இயலாது என்பதை ஆரணி மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் தொழிற்கல்வியும் அத்தகையதே. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகு நாம் விழிக்கிறோம்; ஆனால் முடிவு பதினோராம் வகுப்புச் சேர்க்கையன்றே எடுக்கப்பட்டுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவின் மாணவி ஒருவர் நல்ல மதிப்பெண்களுடன் மருத்துவம் படிக்க விழைந்து நம்மிடம் வந்தார். அவர் படித்திருந்ததோ கணினி அறிவியல் பிரிவு, உயிரியல் இல்லை. "வேலைக்கு அதுவே நல்லது" என்று அப்பிரிவில் சேரச் சொன்னவர்கள் நாம்தான். அன்று அந்தத் தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நம்மால் இயலவில்லை. அத்தவறு மீண்டும் நிகழக்கூடாது என்பதற்காகவே இந்த உரை.

மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் தேறியிருத்தல் வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். உயிரியலைப் பின்னர் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களையும் ஏற்பதாக 2023-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. எனினும் அதற்கு மேலும் காலமும் பொருளும் செலவாகும்.

பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் தேவை. கணிதத்திற்கு 100, மற்ற இரண்டிற்கும் தலா 50 என 200-க்குத் தரவரிசை கணக்கிடப்படுகிறது. எனவே எதைப் படிப்பது என்று உறுதியில்லாத, படிப்பில் வல்ல பிள்ளைக்கு, கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு இரு வாசல்களையும் திறந்து வைக்கும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பட்டயக் கணக்கர் படிப்புக்கும் எப்பிரிவு மாணவரும் முயலலாம். வணிகவியல் படித்தவர் மனம் தளர வேண்டியதில்லை.

"மதிப்பெண் இருந்தால் போதாதா?" எனப் பெரியோர் கேட்கின்றனர். 1984 முதல் நடைபெற்ற மாநில நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டில் நீங்கியது உண்மையே. பொறியியலுக்கு இன்றும் மதிப்பெண்ணே அடிப்படை. மருத்துவத்திற்கோ 2017 முதல் நீட் தேர்வே வழி. அதன் 720 மதிப்பெண்ணில் பாதி உயிரியலுக்கு உரியது.

அடுத்து, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்தவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளி இக்கணக்கில் சேராது. ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற எண்ணும் பெற்றோர், இழப்பது என்ன என்பதை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.

2007-இல் கிடைத்த 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெறச் சாதிச் சான்றிதழில் லெப்பை, தக்னி, ஷேக், சையத் போன்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் முறையாக இருக்க வேண்டும். மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, இது வேறு. இரண்டையும் கலந்தாய்வு நாளன்று தேடி அலையலாகாது.

எனவே ஜமாஅத் சார்பில் ஒன்றை வேண்டுகிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன், பள்ளிச் சேர்க்கைக்கு முன்னரே, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து நம்மிடம் வாருங்கள். பிள்ளையின் விருப்பத்தை முதலில் கேட்போம். பிறகே பாடப்பிரிவைப் பேசுவோம். நம் ஊரின் பட்டதாரிகள் வாரம் ஒரு மணி நேரம் இதற்குத் தந்தால் போதும். இன்னொரு தந்தை அவ்வாறு நம் முன் நிற்கும் நிலை வராது.